பக்கத்து நாடு ஏன் போர் தொடுக்கிறது? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி செல்லும் சாலையை ஒட்டிக் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கு வந்து சேரும் மடிக்கணினிகளில் பலவற்றுக்கு உண்மையில் பழுது எதுவும் இருப்பதில்லை. கோபாலபுரம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் திரையைத் திறந்து காட்டி, "அண்ணா, பக்கத்து ராஜா துரோகம் பண்ணிட்டான்" என்பார். சித்தூர் கல்லூரியிலிருந்து வருபவர் அதே திரையைக் காட்டி, "சேட்டா, இவன் சதிச்சு" என்பார். மொழிதான் வேறு, குறை ஒன்றுதான். முறை வைத்து ஆடும் போர்த்தந்திர ஆட்டத்தில் கணினி நடத்தும் நாடு ஒன்று, இவர்கள் எதிர்பாராத நேரத்தில் போர் தொடுத்திருக்கும், அல்லது சமாதானத்துக்கு இணங்காமல் அடம்பிடித்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பச் சீர்செய்து கொடுத்ததில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி ஒன்று உண்டு. நாம் துரோகம் என்று எண்ணுவதில் பெரும்பகுதி, பத்துப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு முன்பே திரையில் எழுத்தாகவோ எண்ணாகவோ வந்துவிடுகிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஆகவே இங்கு ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் காசு செலவில்லாத காரணத்தையும், பிறகு பொன்னும் சுற்றுகளும் செலவாகும் காரணங்களையும், கடைசியில் ஆட்டத்தையே கைவிட நேரும் நிலையையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் அதிகம் ஆடப்படுபவை மூன்று: 2016-இல் வெளிவந்த சிவிலைசேஷன் 6, 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீசிவ், சிவிலைசேஷன் 5-ஐப் பின்பற்றிக் கைப்பேசியில் ஓடும் அன்சிவ். பெயர் குறிப்பிடாத இடங்களில் நான் சொல்வது சிவிலைசேஷன் 6-க்கு உரியது. எண்கள் அதன் இயல்பு வேகத்துக்கு உரியவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். ஆட்டத்தைப் புதிய பெயரில் தனியாகச் சேமியுங்கள். தானியங்கிச் சேமிப்பை நம்பி இருந்துவிட்டால், சரிபார்ப்பதற்காக நீங்கள் ஆடும் சுற்றுகளே பழைய கோப்புகளின் மேல் எழுதிவிடும். பிறகு அந்தத் தலைவரின் படத்தைத் தொட்டு, உறவு பற்றிய பக்கத்தைத் திறந்து, அங்குள்ள காரணங்களைக் கூட்டல் கழித்தல் எண்களோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் கண்ணால் மட்டும் பார்த்தவர்கள், மறு வாரம் அதே குறையோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: ஆட்டம் தொடங்கி முப்பது, நாற்பது சுற்றுகளுக்குள் அண்டை நாடு போர் தொடுக்கிறது

*படைபலம் குறைவு.* மிகப் பொதுவான காரணம் இதுதான். திரையின் மேல் ஓரத்தில் தலைவர்களின் படங்களுக்குக் கீழே ஒவ்வொரு நாட்டின் படைபலமும் எண்ணாகத் தெரியும்படி செய்ய முடியும். அது தெரியவில்லையென்றால் அமைப்புகளில் அந்தப் பட்டையை இயக்கிக்கொள்ளுங்கள். உங்கள் எண் அண்டை நாட்டின் எண்ணில் பாதிக்கும் கீழே கிடந்தால், வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சிவிலைசேஷன் 5-இல் இதே விவரத்தை மக்கள்தொகைப் புள்ளிவிவரப் பக்கத்தில், படைவீரர் என்ற வரியில் காணலாம்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு மாணவர் கொண்டுவந்த ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருக்கு இரண்டு நகரங்கள் இருந்தன. ஒரே வாரியர் (தொடக்கக் காலத்துக் கைகலப்பு வீரர்) படை. அதுவும் நாடு பார்க்கப் போய்ப் பதினைந்து கட்டங்களுக்கு அப்பால் ஒரு பனிக்கரையில் நின்றது. பக்கத்து நாட்டின் தலைவர் கிளியோபாட்ரா. வலிமையான படை வைத்திருப்பவரை விரும்புவதும், படையில் நலிந்தவரை வெறுப்பதும் அவருடைய நிலையான கொள்கை. உறவுப் பக்கத்தில் அந்த ஒரே வரி கழித்தலாக நின்றதை மாணவர் அதுவரை பார்த்ததே இல்லை. எட்டுச் சுற்றுகளுக்கு முந்தைய சேமிப்பைத் திறந்தோம். அவர் கட்டத் தொடங்கியிருந்த உலக அதிசயத்தை நிறுத்திவிட்டு, நகரத்துக்கு ஒன்றாகவும் தலைநகரில் கூடுதலாக ஒன்றாகவும் மூன்று ஸ்லிங்கர் (கவண்கல் எறிவோர்) படைகளை எடுக்கச் செய்தேன். ஸ்லிங்கர் ஒன்றின் உற்பத்திச் செலவு 35 மட்டுமே. அவற்றில் ஒன்று காட்டுமிராண்டி வீரன் ஒருவனைக் கொன்றதும் வில்வித்தைக் கண்டுபிடிப்பு விரைவுபட்டது. மூன்றும் ஆர்ச்சர், அதாவது வில் படை, ஆயின. அந்த ஆட்டத்தில் கிளியோபாட்ரா எல்லை வரை படை கொண்டுவந்தார். போர் அறிவிக்காமலே திரும்பிப் போனார்.

*முதல் சந்திப்பில் தூதுக்குழு அனுப்பவில்லை.* இதன் செலவு 25 பொன். ஒரு தலைவரைச் சந்தித்த அதே சுற்றில் அனுப்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர் முகம் சுளித்த பிறகு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே புதிய நாடு எதையும் சந்திப்பதற்கு முன் கையில் 25 பொன் இருப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

*எல்லையை நெருக்கி நகரம் அமைத்திருக்கிறீர்கள்.* எந்தத் தலைவருக்கும் இது பிடிப்பதில்லை. சந்திரகுப்தருக்கோ கொள்கையாகவே பிடிக்காது, தன் எல்லைக்கு அருகில் நகரம் வைத்திருப்பவரை அவர் தொடக்கத்திலிருந்தே பகையாகக் கருதுவார். நகரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது என்பதால், இந்தக் காரணம் உறுதியானால் அந்த நகரத்துக்கு மதில் கட்டுவதே வழி. பழங்கால மதிலுக்கு உற்பத்தி 80 செலவாகும். மதில் எழுந்த பிறகுதான் நகரமே எதிரியை எய்யத் தொடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

*ஃப்ரீசிவ் ஆடுகிறீர்கள் என்றால்,* யாரும் போர் தொடுக்கவே இல்லாமல் இருக்கலாம். அதில் பொதுவான விதித்தொகுப்புகளில் எல்லா நாடுகளும் முதல் சந்திப்பிலேயே போர் நிலையில்தான் இருக்கின்றன. சந்தித்த உடன் தூதரகங்களை மாற்றிக்கொண்டு, சமாதானத்தை நீங்களே கேட்டுப் பெற வேண்டும்.

இனி, போர் அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்ட நிலையில் இரண்டு கிளைகள் உண்டு.

*படை இன்னும் கண்ணில் படவில்லை:* பதற வேண்டாம். தொலைவில் உள்ள நாடு, வேறொருவரின் தூண்டுதலால் கூட்டுப்போரில் பெயருக்குச் சேர்ந்திருக்கலாம். பத்துச் சுற்றுகள் கழித்துச் சமாதானம் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் கேட்காமலே ஒப்புக்கொள்வார்கள்.

*படை வாசலில் நிற்கிறது:* நாடு பார்க்கப் போன படைகளைத் திருப்பி அழைக்க நேரமில்லை. உள்ள பொன் முழுவதையும் செலவிட்டு, ஸ்லிங்கர், ஆர்ச்சர் போலத் தொலைவிலிருந்து தாக்கும் ஒரு எறிபடையை விலைக்கு வாங்கி நகரத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். வாரியர் படையை ஆற்றுக்கு இந்தப் பக்கம், குன்றும் காடும் சேர்ந்த கட்டத்தில் அரண் நிலையில் நிறுத்துங்கள். குன்றுக்கு 3, காட்டுக்கு 3, இரண்டு சுற்று அசையாமல் இருந்தால் அரணுக்கு 6 என்று தற்காப்பு வலிமை கூடும். எதிரி ஆற்றைக் கடந்து தாக்கினால் மேலும் 5 உங்கள் பக்கம். வாரியரின் அடிப்படை வலிமையே 20தான் என்பதை நினைத்தால், இந்தப் 17 எவ்வளவு பெரிது என்பது விளங்கும். கணினி எதிரி இதைக் கணக்கிட்டு விலகுவதில்லை. ஒவ்வொன்றாக வந்து மோதித் தன் படையைக் கரைத்துக்கொள்ளும். நிலத்தைத் தேர்ந்து நிற்பவருக்கு இரண்டு எறிபடையும் ஒரு வாரியரும் இருந்தால் ஆறேழு படைகளைத் தடுத்துவிட முடியும். என் கடையில் இதைப் பலமுறை ஆடிக் காட்டியிருக்கிறேன்.

*ஆட்டத்தைக் கைவிட வேண்டிய இடம்:* தலைநகரின் உயிர்ப்புள்ளி 200-இல் ஐம்பதுக்குக் கீழே போய், சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாம் எதிரியின் பிடியில் இருந்தால் நகரம் இனித் தானாகக் குணமாகாது. பழைய சேமிப்புக்குத் திரும்புங்கள். அதிலும் போர் அறிவிப்புக்கு முந்தைய சுற்றுக்குத் திரும்பிப் பயனில்லை. குறைந்தது பத்துச் சுற்றுகள் பின்னால் போக வேண்டும்.

அறிகுறி 2: நட்பாக இருந்த தலைவர் காரணமின்றி முகம் சுளிக்கிறார்

*நட்பு அறிவிப்பு முடிந்துவிட்டது.* நட்பு அறிவிப்பின் ஆயுள் 30 சுற்றுகள். அது உயிரோடிருக்கும் வரை இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் போர் தொடுக்க முடியாது. முடிந்த மறு சுற்றிலிருந்து அந்தப் பூட்டு இல்லை. எத்தனை சுற்று மிச்சம் என்பது உறவுப் பக்கத்திலேயே இருக்கிறது. முடியும் சுற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்து, அன்றே புதுப்பித்துவிடுங்கள். செலவில்லாத, ஆனால் மிக அதிகமாக மறக்கப்படும் சரிசெய்தல் இதுவே.

*அவருடைய கொள்கைக்கு எதிராக நடக்கிறீர்கள்.* ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் மறைமுகக் கொள்கையும் உண்டு. வெளிப்படையானதை மனப்பாடமாகவே வைத்திருக்கலாம். சீனத்தின் சின் ஷி ஹுவாங், தன்னைவிட அதிக உலக அதிசயங்கள் வைத்திருப்பவரை வெறுப்பார். ரோமின் டிராஜனுக்குச் சிறிய நிலப்பரப்போடு திருப்தி அடைபவரைப் பிடிக்காது. நார்வேயின் ஹரால்டு, கடற்படை இல்லாதவரை மதிக்க மாட்டார். கடற்கரையே இல்லாத நாட்டை நடத்துபவர்கூட இந்தக் கழித்தலுக்குத் தப்புவதில்லை. ஆஸ்டெக் அரசர் மான்டெசூமா, தன்னிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் உங்களிடம் இருந்தால் பகைப்பார். அந்தப் பொருளின் உபரியை அவருக்கே விற்றுவிட்டால் பகையும் தீரும், பொன்னும் வரும். கில்கமேஷின் நண்பரைக் கண்டித்தால் கில்கமேஷும் பகை. டொமிரிஸுக்கு முன்னறிவிப்பில்லாமல் போர் தொடுப்பவரைக் கண்டாலே ஆகாது.

காந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷன் ஆட்டத்தில் ஒரு எண் சுற்றி மறுமுனைக்கு வந்துவிட்ட பிழையால்தான் காந்தி அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்ற கதை உண்மையல்ல. அந்த ஆட்டத்தை வடிவமைத்த சிட் மெயரே 2020-இல் அதை மறுத்துவிட்டார். சிவிலைசேஷன் 5-இல் அவருக்கு அணுகுண்டு ஆசை அதிகமாக வைக்கப்பட்டது வேண்டுமென்றே செய்யப்பட்டது. சிவிலைசேஷன் 6-இல் அவர் போரைத் தொடங்குபவரை வெறுப்பவர். உங்கள் ஆட்டத்தில் அவர் கோபமாக இருந்தால், ஆட்டத்தில் பிழை தேடாமல் உங்கள் போர்க் கணக்கைப் பாருங்கள்.

*காரணமே தெரியவில்லை என்று பக்கம் சொல்கிறது.* அப்படியானால் அந்த நாட்டைப் பற்றிய உங்கள் அறிவு நிலை தாழ்ந்திருக்கிறது. தூதுக்குழுவோ தூதரகமோ இருக்கிறதா என்று பாருங்கள். தூதரகத்துக்கு 50 பொன். அடுத்து ஒரு வணிகரை அந்த நாட்டு நகரத்துக்கு அனுப்புங்கள். அச்சுக்கலை கண்டுபிடித்தால் எல்லா நாடுகளைப் பற்றியும் ஒரு படி கூடும். அறிவு நிலை உயர உயர மறைமுகக் கொள்கை வெளிப்படும். இதில் இன்னொரு பயனும் உண்டு: எதிரி உங்களை அறிந்ததைவிட நீங்கள் அவரை ஒரு படி கூடுதலாக அறிந்திருந்தால், போரில் உங்கள் ஒவ்வொரு படைக்கும் வலிமை 3 கூடும். வணிகரைப் பொன்னுக்காக மட்டும் அனுப்புபவர்கள் இதை இழக்கிறார்கள்.

*கண்டனம் வந்துவிட்டது.* இதை எச்சரிக்கை மணியாகவே கொள்ளுங்கள். முறையான போர் தொடுக்கக் கண்டனம் செய்து ஐந்து சுற்றுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. எனவே கண்டனம் வந்த சுற்றிலிருந்து மதிலுக்கும் எறிபடைக்கும் உங்களுக்குப் பெரும்பாலும் ஐந்து சுற்றுகள் கிடைக்கின்றன. கண்டனம் 30 சுற்றுகள் நீடிக்கும். அதற்குள் நட்பை மீட்கப் பரிசுகளை அள்ளிக் கொடுப்பது வீண் செலவு. அந்தப் பொன்னைப் படைக்குப் போடுங்கள்.

அறிகுறி 3: சமாதானம் செய்த பிறகும் போர் திரும்புகிறது

இந்தக் குறையோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதுதான். எங்கள் வட்டாரத்தில் இதை விளக்குவது எளிது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே ஆற்று நீருக்காக 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று இருப்பது, சித்தூர்ப் புழையின் தண்ணீரை நம்பி நெல் போடுகிற எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பேச்சுவாக்கில் பலரும் அறிந்த செய்தி. ஒப்பந்தம் என்றால் அதற்குக் காலம் உண்டு என்று வயலில் தெரிந்தவர்கள், ஆட்டத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

*ஃப்ரீசிவில்* போர்நிறுத்தமும் சமாதானமும் ஒன்றல்ல. போர்நிறுத்தம் 16 சுற்றுகளுக்கு மட்டுமே. அது முடிவதற்குள் சமாதான உடன்படிக்கையைத் தனியாகக் கேட்டுப் பெறாவிட்டால், யாரும் எதுவும் செய்யாமலே போர் நிலை திரும்பிவிடும். பதினாறாவது சுற்றில் எதிரி "துரோகம்" செய்ததாகச் சொல்லப்படும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் நடந்தது இதுதான். சமாதானத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகும் இடையில் 16 சுற்று படைவிலக்கக் காலம் உண்டு. அதற்குள் உங்கள் படைகளை அவர் எல்லையிலிருந்து நீங்களே வெளியேற்றிவிடுங்கள். காலம் முடியும்போது உள்ளே சிக்கிய படைகளை ஆட்டம் தன் விருப்பப்படி அகற்றும். பதிப்பைப் பொறுத்து அவை கலைந்தும் போகலாம். முழுச் சமாதானம் வந்துவிட்டால் அதை முறிப்பவருக்கும் போர் நிலைக்கு வர 16 சுற்றுகள் தேவை என்பதால், அது நல்ல கேடயம்.

*சிவிலைசேஷன் 6-இலும் 5-இலும்* சமாதான உடன்படிக்கை 10 சுற்றுகளுக்குப் போர் வராமல் காக்கும். பதினோராவது சுற்றில் மீண்டும் அடித்தால் விதிமீறல் ஏதும் இல்லை. அந்தப் பத்துச் சுற்றுகளில் நீங்கள் படையைக் கலைத்தீர்களா, கூட்டினீர்களா என்பதே கேள்வி. சமாதானம் ஆன மறு சுற்றே படைகளுக்கான பராமரிப்புப் பொன்னைச் சேமிப்பதற்காகப் பாதிப் படையைக் கலைத்தவர் ஒருவர் இதே போரை மூன்று முறை தோற்றார். நான்காவது முறை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்துச் சுற்றுகளில் மதில் கட்டி, மற்றொரு அண்டை நாட்டோடு நட்பு அறிவித்து, பதினோராவது சுற்றைக் கடக்க வைத்தேன், எதிரி வரவில்லை.

அறிகுறி 4: சமாதானம் கேட்டால் ஒப்புவதில்லை, அல்லது நகரத்தையே கேட்கிறார்

போர் தொடங்கிப் பத்துச் சுற்றுகள் ஆகவில்லை என்றால் சமாதானப் பொத்தானே வேலை செய்யாது, காத்திருங்கள். பத்தும் கடந்திருந்தால், நீங்கள் முன்வைக்கும் பேரத்தை அழித்துவிட்டு, வெறும் சமாதானத்தை மட்டும் வைத்து அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எங்கள் ஊர் மாணவர்கள் பயத்தில் தாங்களே பொன்னும் பொருளும் அடுக்கிவைக்கிறார்கள். அடுக்காதவருக்கு வெறும் கையோடு சமாதானம் கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியும் நகரம் கேட்டால் அவருடைய ஒரு படையையாவது அழித்துவிட்டு மறுபடி கேளுங்கள். கேட்கும் விலை குறையும். நகரத்தைக் கொடுப்பது கடைசி வழி. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மக்கள் தொகை குறைந்த, எல்லையோரத்து நகரத்தைக் கொடுங்கள். தலைநகரைச் சுற்றியுள்ள நகரம் எதையும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 5: எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் பகையாகிவிட்டன

பிப்ரவரி 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் உங்களிடம் இருந்தால், ஒவ்வொரு நாட்டோடும் உங்களுக்கு ஒரு மனக்குறைக் கணக்கு உண்டு. முன்னறிவிப்பில்லாத போர் அந்தக் கணக்கை மிக அதிகமாக ஏற்றும்; கண்டித்து, ஐந்து சுற்று பொறுத்துத் தொடுக்கும் முறையான போர் குறைவாக ஏற்றும். பிடிக்கும் ஒவ்வொரு நகரமும் கணக்கில் சேரும். அந்த நாட்டின் கடைசி நகரத்தைப் பிடித்து அதை அடியோடு அழிப்பது தனிக் குற்றமாகவே எண்ணப்படும். கொடுத்த வாக்கை மீறுவதும் அப்படியே: எல்லையில் படை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறந்துபோய் நாடு பார்க்கும் ஒரே ஒரு ஸ்கவுட்டுக்குத் துணையாக வாரியரை அனுப்பியவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள்.

சரிசெய்தல் மெதுவானது. போரை நிறுத்துங்கள்; மனக்குறை காலத்தால் தேயும். இதற்கிடையில் உங்களைப் போலவே ஒருவரைப் பகைக்கும் நாடு எது என்று தேடி, அவரோடு நட்பு அறிவியுங்கள். ஒரே ஒரு நட்பு நாடு கிடைத்தாலும் ஒரு பக்கத்து எல்லை அடைபடும். நான் கடையில் மாணவர்களுக்குச் சொல்வது, முப்பது சுற்றுகளுக்கு எதையும் பிடிக்காமல், அறிவியலையும் வணிகத்தையும் மட்டும் நடத்துங்கள் என்பதே. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் ஆட்டத்தை அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனெனில் இந்த நிலையிலிருந்து மீண்டு வந்த ஆட்டங்கள்தான் நான் பார்த்ததிலேயே சிறந்தவை.

அறிகுறி 6: நாம் தொடுத்த போரில் நகரம் விழவில்லை, அல்லது விழுந்தும் நிலைக்கவில்லை

*விழவில்லை என்றால்,* முதலில் நகரத்தைச் சுற்றியுள்ள கட்டங்களைப் பாருங்கள். முற்றுகை முழுமையாக இல்லாவிட்டால் நகரம் சுற்றுக்கு 20 புள்ளி தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும்; நான்கு ஆர்ச்சர்கள் எய்வதில் பாதி அதிலேயே போய்விடும். அடுத்து, மதிலுக்கு எதிராக வாரியர் படையின் அடி மிகச் சொற்பம் என்பதால், மதில் இடிக்கும் கருவி ஒன்றைத் துணையாக இணையுங்கள், அல்லது கவண் எந்திரமான கேட்டபல்டைக் கொண்டுவாருங்கள். எதிரியின் மதில் அடுத்த நிலைக்கு மேம்பட்டுவிட்டால் பழைய இடிகருவி உதவாது. ஆர்ச்சர் எவ்வளவு எய்தாலும் நகரத்துக்குள் நுழைய முடியாது. நுழைய ஒரு கைகலப்புப் படை உயிரோடு மிஞ்ச வேண்டும். கடைசி வாரியரை முதல் அடியிலேயே செலவழித்துவிட்டு, உயிர்ப்புள்ளி பூஜ்யமான நகரத்தின் வெளியே நின்றவர்கள் பலர்.

*விழுந்த நகரம் கலகம் செய்து பிரிந்தால்,* 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தின் விசுவாச விதி வேலை செய்கிறது என்று பொருள். ஒன்பது கட்டத் தொலைவுக்குள் உள்ள நகரங்களின் மக்கள் தொகை அந்த நகரத்தை இழுக்கிறது. பிடித்த அன்றே ஆளுநர் ஒருவரை அனுப்புங்கள். அவர் நிலைகொள்ளப் பொதுவாக ஐந்து சுற்றுகள் ஆகும், விக்டர் என்ற ஆளுநருக்கு மட்டும் மூன்று போதும், நிலைகொண்டதும் விசுவாசம் சுற்றுக்கு 8 கூடும். அதுவும் போதாதென்றால், அருகில் உள்ள இரண்டாவது நகரத்தையும் பிடிக்காமல் முதலாவது நிலைக்காது. இரண்டையும் பிடிக்கும் படை இல்லாதவர், ஒன்றைப் பிடிக்கவே போயிருக்கக் கூடாது.

அறிகுறி 7: கூட்டாளி உதவவில்லை, நம்மை விட்டும் போய்விட்டார்

ஃப்ரீசிவில் கூட்டணி வைத்த கணினி நாடு, தன் எதிரியோடு நீங்களும் போரிட வேண்டும் என்று செய்தி அனுப்பும். செய்திப் பெட்டியை மூடியே வைத்திருப்பவர்கள் இதைக் காண்பதில்லை. இரண்டு மூன்று முறை கேட்டும் நீங்கள் அசையாவிட்டால் அது கூட்டணியை முறித்துக்கொள்ளும். போர் வேண்டாம் என்பவர் கூட்டணிக்குப் போகாமல் சமாதானத்தோடு நிற்பது நல்லது. நாடுகளின் பட்டியலில் அவரவர் மனநிலை எழுத்தில் இருக்கும். அது இறங்கத் தொடங்கும்போதே சிறிது பொன்னோ ஒரு கண்டுபிடிப்போ பரிசளித்தால் மீளும்.

அறிகுறி 8: கணினி ஏமாற்றுகிறது என்று தோன்றுகிறது

கடின நிலையைப் பாருங்கள். எட்டு நிலைகளில் பிரின்ஸ் என்பதில்தான் கணினிக்குச் சலுகை கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் போர் வலிமை ஒன்று கூடி, உச்ச நிலையான டெய்ட்டியில் ஒவ்வொரு படைக்கும் 4 ஆகிறது. உற்பத்தியும் பொன்னும் அறிவியலும் சதவீதமாகக் கூடுகின்றன. டெய்ட்டியில் நீங்கள் நகரம் அமைக்கும் ஒரு செட்லரோடு தொடங்கும்போது எதிரி மூன்றோடு தொடங்குகிறார். நண்பர்கள் முன் மதிப்புக்காக டெய்ட்டியில் ஆடிக் கசந்துபோகும் இளைஞர்களைப் பிரின்ஸ் நிலைக்கு இறக்கியதும் முன்சொன்ன குறைகளில் பாதி மறைந்துவிட்டன. ஃப்ரீசிவில் சலுகை பெறும் நிலைக்கு "ஏமாற்றும்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; அதைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி 9: எதிரியின் முறையில் ஆட்டம் உறைந்து, அடுத்த சுற்று வருவதில்லை

இது ஒன்றே என் தொழிலுக்கு உரிய பழுது. கைப்பேசியில் அன்சிவ் ஆடுபவர்கள், பெரிய வரைபடமும் பல நாடுகளும் இருந்தால் பிற்காலச் சுற்றுகள் மெதுவாகவே வரும் என்பதால், முதலில் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பிறகு முந்தைய தானியங்கிச் சேமிப்பைத் திறந்து, ஏதேனும் ஒரு படையை வேறு கட்டத்துக்கு நகர்த்திவிட்டுச் சுற்றை முடியுங்கள். எதிரியின் ஒரே ஒரு நகர்வில் சிக்கிய ஆட்டம் இதனாலேயே விடுபடுவதுண்டு. விடுபடாவிட்டால் மோட்கள், அதாவது பிறர் எழுதி ஆட்டத்தில் சேர்த்த மாற்றங்கள், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கி இருபது சுற்று ஓட்டுங்கள். அது ஓடினால் பழுது மோடில். அதுவும் உறைந்தால், கணினியில் ஆடுபவர்கள் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் செயலியில் ஆட்டக் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை இயக்குங்கள்.

மோட் இல்லாமலும், கோப்புகள் சரியாக இருந்தும், ஒரே சேமிப்பு ஒரே சுற்றில் உறைந்தால், அந்தச் சேமிப்புக் கோப்பை ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கோ உயர்நிலையில் ஆடி முடித்த ஒருவருக்கோ அனுப்ப வேண்டிய நேரம் அது. அன்சிவில் முழு ஆட்டத்தையும் எழுத்தாக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். வெவ்வேறு சேமிப்புகள் வெவ்வேறு சுற்றுகளில் உறைந்தாலோ, சேமிக்கும்போது கணினி முழுவதுமே சில வினாடிகள் நின்றாலோ, ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற ஒலி கேட்டாலோ, அதற்கு மேல் ஒரு சுற்றுகூட ஆட வேண்டாம். சேமிப்புக் கோப்புகளையும் கல்லூரிப் பாடக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு, கணினியை அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.